சாரம் கட்டிக் குளித்த சுரங்கத்தில்

ஈரக் கரியும் மலிவான சவர்க்காரமும் கலந்த ஒரு வாசனை... ஜெர்மனியின் எசன் நகரில் நான் முதன்முதல் வேலை செய்த நிலக்கரிச் சுரங்கத்தின் குளியல் மண்டபத்து வாசனை அது. மூக்கை விட்டுப் போக வருடக்கணக்கானது.

போன ஞாயிறு அதே மண்டபத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். சுரங்கம் மூடி, பாழடைந்து கிடந்து, இப்போது திருத்தி மியூசியமாக்கிவிட்டார்கள். டார்ம்ஸ்டாட்டில் இருந்து வந்த மகள் தர்சினிதான் கூட்டிப்போனாள்.

உள்ளே போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழிகாட்டிப் பெண் விளக்கிக்கொண்டிருக்க, நான் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"அப்பா, ஓரிடத்தில நில்லுங்கோவன். எல்லாரும் பாக்கினம்."

கால் கேட்டால்தானே...

அண்ணாந்து பார்த்தேன். அதே சங்கிலிகள், அதே கொக்கிகள். எங்களுக்கு அலுமாரி கிடையாது. உடுப்பைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்துக் கூரைக்கு ஏற்றிப் பூட்டிவிடுவோம். இப்போது அவற்றில் அயர்ன் பண்ணின சட்டைகள் காட்சிக்குத் தொங்குகின்றன. ஒரு பொட்டுக் கரி இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

என் வேலை நிலத்துக்கு மேலேதான். கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ள வேண்டும். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த காலம். இந்த ஆட்கள் என்னைச் சேர்ப்பார்களா, இங்கே நிலைக்க முடியுமா என்பதுதான் எந்நேரமும் யோசனை.

முதல் நாள் வேலை முடிந்து குளிக்கப் போனால்... எல்லாரும் பிறந்த மேனியாக நிற்கிறார்கள். நான் என்ன செய்வேன்? ஊர்க் கிணற்றடியில் குளிப்பதுபோல சாரத்தை, அதுதான் லுங்கியை, இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஷவருக்குக் கீழே போய் நின்றேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கை எட்டாத முதுகைப் பக்கத்தில் நிற்பவன் தேய்த்துவிடுவான். பிறகு அவனுடையதை நீ தேய்க்க வேண்டும். சாரம் கட்டிய என்னிடம் ஒருவரும் வரவில்லை. இவனைத் தொடக்கூடாதாக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஒவ்வொரு நாளும் கரி முதுகோடு அறைக்குத் திரும்பினேன். கூட இருந்த பொடியள் என் படுக்கை விரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு நித்திரை வரவில்லை. வேலையை விட்டுவிடுவோமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் ஹோர்ஸ்ட் என்ற வயதான தொழிலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றார். என் சாரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அதைக் கட்டிக்கொண்டே நில்லு, எனக்கென்ன. முதுகைக் காட்டு," என்றார், எனக்கு விளங்க வேண்டுமென்று நிறுத்தி நிறுத்தி ஜெர்மனில்.

சட்டி விளக்குவதுபோல ஒரு தேய் தேய்த்தார். தோல் எரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முடித்துவிட்டுத் தன் முதுகைத் திருப்பினார்.

"இப்ப என்ரை."

அன்றிலிருந்து யாராவது ஒருவர் வந்துவிடுவார். சாரம் மட்டும் கடைசிவரை அவிழவில்லை...

வழிகாட்டிப் பெண் இந்த வழக்கத்தைச் சொன்னபோது கூட்டத்தில் நின்ற பிள்ளைகள் முகம் சுளித்தார்கள்.

"உண்மையோ அப்பா? சொந்தமில்லாத ஆக்களோ?"

"ஓம் பிள்ளை. பேர்கூட வடிவாத் தெரியாது."

அதற்கு மேல் அங்கே நிற்க ஏலவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

இப்போது ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது. சொந்த வீடு, பூட்டிக் குளிக்கிற பாத்ரூம். மனைவி தவறிப்போனபிறகு வீட்டில் நான் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். வேலிக்கு அங்கால் நின்று வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். நானும் அப்படித்தான்.

போன மாதம் தோள் பிடித்துக்கொண்டது. கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. கடையில் நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் ஒன்று வாங்கினேன். முதுகை நன்றாகத்தான் தேய்க்கிறது.

ஆனால் திருப்பி நான் தேய்த்துவிட, அதற்கு ஒரு முதுகு இல்லை.