மாணிக்கத்தின் இரு கோடுகள்

எங்கள் கட்டுரைக்கு வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்று எழுதிய மறுப்பு, ஒரு திங்கட்கிழமைக் காலையில் என் மேசைக்கு வந்தது. மூன்றே பத்திகள். கட்டுரையில் முதலில் நிற்கும் பெயர் என்னுடையது.

நாங்கள் ஆய்ந்தது கால்சியம், இரும்பு, ஆர்செனிக் சேர்ந்து புதிதாக வளர்க்கப்பட்ட ஒரு படிகம். மின்சாரத்தைத் தடையேதுமின்றிக் கடத்தும் இரும்புவகை மீகடத்திகளுக்கு நெருங்கிய உறவு அது. உலோகக் கலமொன்றில் எதிரெதிராகப் பொருத்திய இரு வைர முனைகளுக்கிடையே அதை வைத்துத் திருகினால், ஓர் அழுத்தத்தில் அதன் அணு அடுக்குகள் சட்டென்று நெருங்கி, அவற்றின் உயரம் ஒரே வீழ்ச்சியாகக் குறையும். அந்த வீழ்ச்சியைத்தான் நான் அளந்து எழுதியிருந்தேன். படிகம் இரு வைரங்களையும் தொட்டிருக்க வேண்டும், நேரே நசுங்கியதால் வந்த பொய்த்தோற்றம் அது என்றது மறுப்பு. பல பத்தாண்டுகளாக இந்தச் சிங்கப்பூர்த் தீவில் நான் காத்துவந்த பெயரின்மேல் எவரும் அவ்வாறு கைவைத்ததில்லை. படிகத்தின் தடிமனைக் குறிப்பிடாமல் விட்டது மட்டும் என் பிழை. அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் குழுத் தலைவர் செங்காங்கில் குடியிருந்த அம்மையார். திருச்சியில் படித்து, குளிர்நாடொன்றில் பல்லாண்டுகள் பணியாற்றியபின் இங்கு வந்தவர். சோதனையைத் தாமே மீண்டும் செய்வதாகச் சொன்னார். ஐயம் என் கைமீது இருக்கையில், அந்தக் கை விலகி நிற்பதே நியாயம். ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முடிவு கிடைத்தது. வீழ்ச்சி இல்லை. உயரம் மெல்ல மெல்லச் சரிந்திருந்தது. அடுக்குகளின் உயரத்தை அளக்கும் எக்ஸ்-கதிர்க் கருவியை இயக்கியவர் உட்லண்ட்ஸ்வாசி, வாய்த்துடுக்கானவர்.

“கிராஃப் பாத்தீங்களா சார்? சறுக்குமரம் மாதிரி இருக்கு லா. நீங்க சொன்ன அந்தப் பள்ளம் எங்க போச்சு?”



மறுநாள் சிராங்கூன் சாலை உணவகமொன்றில் அம்மையார் பேச்சைத் தொடங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். கட்டுரைய நாமளே வாபஸ் வாங்கிட்டா மரியாதையா இருக்கும்.”

“யாருக்கு மரியாதை, டாக்டர்?”

 மாணிக்க அளவீட்டைக் கைப்பேசியில் காட்டச் சொன்னேன்.

படிகத்தோடு ஒரு மாணிக்கத் துகளையும் கலத்தில் வைப்பது எங்கள் வழக்கம். லேசர் பட்டால் அதன் ஒளி அருகருகே இரு கோடுகளாகத் தெரியும். கலத்தில் நிரப்பும் ஆல்கஹால் திரவம் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும்வரை அவை கூர்மையாக நிற்கும். திரவம் உறைந்து தாறுமாறாக அழுத்தினால் கோடுகள் அகன்று கலந்துவிடும்; படிகமும் இடத்துக்கு இடம் வெவ்வேறு வேளையில் நெருங்கி, வீழ்ச்சி வெறும் சரிவாகிவிடும். அவருடைய படத்தில் பத்தாயிரம் வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியே, வீழ்ச்சி வரவேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே, இரண்டும் ஒரே மேடாகியிருந்தன.

“நாம ஊத்துற ஆல்கஹால் இவ்வளவு சீக்கிரம் உறையாது, டாக்டர். இந்த அழுத்தத்துல உறையறது தண்ணி. உள்ள தண்ணி எப்படி வந்துச்சு?”

“தண்ணியா? சான்ஸே இல்ல சார். புது பாட்டில். ஆல்கஹால் ஆவியாயிடக் கூடாதுன்னு டைமண்ட் செல்லையே ஃப்ரீசர்ல வச்சு எடுத்துத்தான் நிரப்புனேன். அங்க எப்பவும் அப்படித்தான் செய்வோம்.”

அவருக்கு முன்னிருந்த ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாற்றைச் சுட்டிக்காட்டினேன். கண்ணாடித் தம்ளரின் வெளிப்புறமெங்கும் நீர் முத்துமுத்தாகப் பூத்து மேசையில் தேங்கியிருந்தது.

அவர் தம்ளரை நகர்த்திவிட்டு ஈரத்தையே பார்த்தார். “அங்க குளிர்காலத்துல ரூம் காத்து காஞ்சு கிடக்கும் சார். சிங்கப்பூர் ஈரக் காத்துல வந்து அதையே செஞ்சிருக்கேன்.”

என் முறை வேறு. எதையும் குளிர்விப்பதில்லை. கலத்தின் இரு பாதிகளையும் ஆல்கஹால் நிறைந்த கிண்ணத்துக்குள் மூழ்கவைத்து, அதற்குள்ளேயே மூடிவிடுவேன். திரவம் வீணாகும், காற்றும் நீரும் புகா. புதன்கிழமை அம்மையார் அவ்வாறே செய்தார். படிகத்தை வைரங்களைத் தொடவியலாத அளவுக்கு மெல்லியதாகத் தேர்ந்து, தடிமனை இருமுறை அளந்து எழுதிக்கொண்டார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

ஒவ்வொரு திருகலுக்கும் மாணிக்கக் கோடுகள் இரண்டும் பிரிந்தே நின்றன. எண்களை வாசித்துக்கொண்டிருந்த எக்ஸ்-கதிர்க் கருவிக்காரர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“விழுந்துடுச்சு லா. சார் எழுதுன அதே இடம்.”

அம்மையார் திரையை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “வாபஸ் வாங்கலாம்னு சொன்னேன்ல சார், அதை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“பதில் எழுதுங்க டாக்டர். தடிமன் போடாதது என் தப்புன்னு முதல் வரியில போடுங்க. அவங்க தப்ப ரெண்டாவது வரியில போட்டாப் போதும்.”

அவர் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார். சில வாரங்களில் அந்த ஆய்வுக்குழு தன் மறுப்பைத் திரும்பப் பெற்றது. அந்தக் கடிதம் ஒரே பத்தி. அதை நான் உரக்க வாசிக்க, எக்ஸ்-கதிர்க் கருவிக்காரர் எழுந்து நின்று கேட்டார்.