மூக்கில் வந்த பால்

சட்டை தைக்கும் கம்பெனியில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பது அவள் வேலை. கணவன் வெளியூர் லாரி ஓட்டுபவன். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். ஏழு வயது மகளுக்கு அவன் வைத்த பெயர் வாயாடி. தூக்கத்தில்கூட யாரிடமாவது வழக்குப் பேசுகிற பிள்ளை.

சளிக்காய்ச்சல் விட்ட நாலாம் நாள் காலையில், வாயாடி குடித்த பால் மூக்கு வழியே கொட்டியது. புரையேறிவிட்டது என்று துடைத்துவிட்டாள். பிள்ளை ஏதோ சொன்னது. எல்லாம் மூக்கிலேயே வந்தது.

"வேலைக்குக் கெளம்புற நேரத்துல வக்கணையா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அழுகையும் மூக்கிலேயே வந்ததும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் வாயைத் திறந்து "ஆ" சொல்லச் சொன்னார். உள்நாக்கு இடது பக்கமாக இழுத்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணத்துக்குப் பின்னாடி இருக்கிற மெத்துன சதை வலது பக்கம் செயலிழந்துடுச்சும்மா. மூக்கை மூடுற கதவு மாதிரி அது. ஸ்கேன்ல மூளை நல்லா இருக்கு. வைரஸ் வேலையா இருக்கலாம். முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்குச் சில வாரத்துல தானா சரியாயிடும்."

"நான் அடிச்சதுனாலயா டாக்டர்?"

"சேச்சே. இல்லம்மா."

அவளுக்கு அந்த 'சேச்சே' போதவில்லை.

அன்று மாலை கணவன் போனில் கூப்பிட்டான். வாயாடி ஆசையாக வாங்கி "அப்பா" என்றாள். காற்றெல்லாம் மூக்கில் போனதில் அங்கே கேட்டது "அம்மா".

விவரம் தெரியாத அவன் சிரித்தான். "அம்மா இல்லடி, அப்பா! எங்க, சொல்லு பாப்போம்."

மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றும் அம்மாதான். போனைத் தாயின் மடியில் வைத்துவிட்டுப் போனவள், அப்புறம் அதைத் தொடவே இல்லை. விஷயம் தெரிந்ததும் அவன் லாரியை ஓரங்கட்டிவிட்டு அழுதான்.

வாரங்கள் மாதங்களாயின. பால் மூக்கில் வருவது நின்றது, குரல் திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சிக்காக ஊதச் சொன்னார்கள், உறிஞ்சச் சொன்னார்கள். பள்ளியில் வகுப்பே மூக்கால் பேசிக் காட்டியதும், பிள்ளை பேச்சையே விட்டுவிட்டது.

எட்டாம் மாதம் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இதுக்கு மேல தானா வரும்னு சொல்ல முடியலம்மா. ஆப்பரேஷன் பத்தி யோசிக்கணும். அதுவும் முழுசாக் குணமாகும்னு உறுதி இல்ல."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றவள், "உனக்கு அம்மா மேல கோவமா?" என்று கேட்டாள்.

வாயாடி இல்லையென்று தலையாட்டினாள்.

"வாயைத் திறந்து சொல்லேன்டி."

பிள்ளை பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டது.