குழிக்குள் பாய், மேலே பாஸ்டர்

பாய்க்கு லிஃப்ட் ரிப்பேர் தொழில், வாதாடுவது பொழுதுபோக்கு. இரண்டில் எதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்று அவரோடு ஒரு நாள் வேலை பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கூட்டாளியின் பட்டப்பெயர் பாஸ்டர். அவர் ஆலயத்தில் பிரசங்கம் செய்கிறவர் இல்லை. மோட்டாருக்கு கிரீஸ் வைக்கும்போது ஞானப்பாட்டு பாடுவார், அவ்வளவுதான். குரல் சுமார். பாடிக்கொண்டே போல்ட்டை முறுக்குவதால் பல்லவி எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும்.

இவர்கள் வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. லிஃப்ட் கூண்டு ஏறி இறங்கும் பாதையின் அடியில் ஆளை மறைக்கிற பள்ளம் ஒன்று இருக்கும். குழி என்பார்கள். ஒருவர் அதில் இறங்கினால் மற்றவர் மொட்டை மாடி மோட்டார் அறையில், மின்பெட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். கீழே ஆள் இருக்கும்வரை அவர் அங்கே இங்கே நகரக் கூடாது. விவரம் தெரியாத யாராவது வந்து சுவிட்சைத் தட்டிவிட்டால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. ஒருவர் கத்திச் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் விதி.

பாய் இந்த விதியையே தன் மார்க்கத்துக்கு ஆதாரமாக்கிக்கொண்டார்.

"நீ மேல நிக்கிறதாலதான் நான் கீழ உசுரோட இருக்கேன். நீயும் எறங்கி வந்துட்டா மேல யாரு பாக்கிறது? அதேதான் இதுவும். படைச்சவன் படைச்சவனாவே இருக்கட்டுமே. எதுக்கு மனுசனாப் பொறந்து, பசிச்சு, தூங்கி? நீங்க இயேசுன்னு சொல்ற எங்க ஈசா நபி சாப்பிட்டாரு. அவங்க அம்மாவும் சாப்பிட்டாங்க. சாப்பாடு தேவைப்படுறவரு எப்படிப்பா ஆண்டவனாக முடியும்?"

"குழியில கெடக்கறவனுக்கு மேல இருந்து சத்தம் மட்டும் குடுத்தா போதுமா? எறங்கி வர்றதுதான்யா அன்பு" என்பார் பாஸ்டர்.

"எறங்கி வந்துதான் தெரிஞ்சுக்கணும்னா அது தெரியாதவன் வேலை. குழியைத் தோண்டினவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சும் வந்தாரு. அதுதான் விசேஷம்."

இப்படியே வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஈசா நபியை வேறு யாராவது மட்டமாகப் பேசட்டும், பாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒருமுறை ஒரு பெயிண்டர் ஏதோ உளறப்போய், "எங்க நபியைச் சொல்றதுக்கு நீ யாரு?" என்று சட்டையைப் பிடித்துவிட்டார். விலக்கிவிட்டது பாஸ்டர்.

கெட்டுப்போனது ஒரு மத்தியான இடைவேளையில். கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் டிபன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு வழக்கம்போல அங்கேயே போய் நின்றது. பாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "எங்க ஆண்டவர் சிநேகிதன் கல்லறைக்கு முன்னால நின்னு அழுதாரு பாய். எனக்கு அது ஒண்ணு போதும்."

பாய்க்குத்தான் நாக்கு நுனியில் பதில் எப்போதும் தயாராக இருக்குமே. "நபி அழுவாரு, ஒத்துக்கறேன். கடவுளே உக்காந்து அழுதா அப்புறம் உலகத்துல யாரு யாருக்கு ஆறுதல் சொல்றது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாஸ்டர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். மிச்சச் சோறு அதில் அப்படியே இருந்தது. போன வருஷம்தான் அவர் மனைவியை அடக்கம் செய்திருந்தார்கள். அந்தக் கல்லறைக்கு முன்னால் பாயும் நின்றிருந்தார். இது பாய்க்கு ஞாபகம் வந்தது வீட்டுக்குப் போகும் வழியில், பைக்கில்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். "வாதத்துல ஜெயிச்சு ஆளைத் தோத்துட்டு வந்திருக்கீங்க. போய் மன்னிப்புக் கேளுங்க" என்றார் அந்த அம்மாள்.

"கேட்டா, ஆண்டவன் அழுவான்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே?"

"நீங்க ஆண்டவனுக்கு வக்கீலா, பாஸ்டருக்குக் கூட்டாளியா? முதல்ல அதை முடிவு பண்ணுங்க."

பாய் முடிவு பண்ணவில்லை. வீம்பு பிடித்த மனுஷன். மூன்று வாரம் பாஸ்டர் வேலைப் பேச்சைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆஃப்?" என்றால் "ஆஃப்." பாட்டும் நின்றுபோயிற்று. பாய் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் பாய்க்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அப்புறம் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் வேலை. பாஸ்டர் மேலே, பாய் குழியில். ஏணியின் கடைசிப் படியில் கால் வழுக்கி, கூண்டைத் தாங்குவதற்காக அடியில் வைத்திருக்கும் பெரிய ஸ்பிரிங்குக்கும் சுவருக்கும் நடுவே பூட்ஸோடு சிக்கிக்கொண்டது. டார்ச் விழுந்து அணைந்தது. வெளிக்கதவு தானாக மூடிக்கொண்டது. ஒரே கும்மிருட்டு.

"மாட்டிக்கிட்டேன்!" என்று கத்தினார்.

"மாட்டிக்கிட்டே" என்று மேலிருந்து வந்தது. விதி விதிதான்.

"காலை எடுக்க முடியல!"

"காலை எடுக்க முடியல."

பாய்க்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "யோவ், கீழ வாய்யா!"

இதை மட்டும் மேலே யாரும் திருப்பிச் சொல்லவில்லை. இன்னொரு தடவை கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். சத்தமே இல்லை. போய்விட்டான் என்று நினைத்தார். போனால் சரிதான், நான் பேசிய பேச்சுக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்தார். வாய் தன்னால் அல்லாஹ்வைக் கூப்பிட்டது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடப்பது அடங்கியது.

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம். பத்து மாடிப் படியையும் ஓடி இறங்கி நாக்குத் தள்ள நின்றார் பாஸ்டர்.

அந்த நிலைமையிலும் பாய்க்குப் புத்தி எங்கே போனது பாருங்கள். "மேல யாரு இருக்கா?"

பாஸ்டர் சட்டைப் பையிலிருந்து மோட்டார் அறையில் கழற்றிய ஃபியூஸ் மூன்றையும் எடுத்துக் காட்டினார். "மேல உள்ளதெல்லாம் இப்ப என் பையில இருக்கு. காலைக் காட்டு."

குனிந்து, பூட்ஸ் கயிற்றை அறுத்து, காலை மட்டும் பதமாக உருவி எடுத்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. அதைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார். பாய்க்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னைக்கு உன் சம்சாரம் நெனப்பே எனக்கு வரல. தப்பு. பெரிய தப்பு. மன்னிச்சிரு."

பாஸ்டர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அவ இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே கெடக்கட்டும்னு சொல்லியிருப்பா."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் பாய் ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு. கொள்கையை நான் விடல. நீ வர்றதுக்கு முன்னாடியே இங்க ஒருத்தன் இருந்தான். எங்க இருந்தும் எறங்கி வரல, மனுசனா மாறவும் இல்ல. எங்க குர்ஆன் சொல்ற மாதிரி, என் கழுத்து நரம்பைவிடக் கிட்ட இருந்தான். எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

"அவ்வளவு கிட்டத்துல இருந்தா, என்னை ஏன்யா பத்து மாடிக்குக் கேக்கற மாதிரி கூப்பிட்டே?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பாய் எதிர்பார்க்கவில்லை. உள்ளதைச் சொன்னார். "அவன்தான் உன்னைக் கூப்பிடச் சொன்னான்."

பாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அப்ப என்னை அனுப்பினது அவர்தான்னு ஒத்துக்கறே?"

"அனுப்பினான்னு வேணா ஒத்துக்கறேன். அவனே வந்தான்னு சொல்லல."

பாஸ்டர் வாயைத் திறந்தார். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியது. பாய் காலை இன்னும் வசதியாக அவர் மடியில் நீட்டி வைத்துக்கொண்டு கேட்டார். எழுந்து போக அவருக்கு மனசே இல்லை.