இருபத்தொரு பேரும் ஏறியாயிற்று

சென்ற ஆண்டு ஆயுத பூஜை விடுமுறையில் நாமக்கல்லிலிருந்து சொந்தக்காரர்கள் இருபத்தொரு பேர் வேனில் பூலாம்பட்டி போயிருந்தோம். காவிரியில் ஒரு விசைப்படகை அரை நாளுக்குப் பேசி, கரையோரத்துப் பழைய ஊர்களையும் கோயில்களையும் நிதானமாகப் பார்த்து வருவது திட்டம். திட்டம் போட்டவன் நான்.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். எதையும் எண்ணிக் குறித்து வைத்தால்தான் எனக்கு மனம் அடங்கும். படகில் ஏறும் முன்பே எல்லோருடைய செல்போனையும் வாங்கி, நம்பர் ஒட்டி, தண்ணீர் புகாத ஒரு பையில் போட்டுக்கொண்டேன். ஆற்றில் தவறி விழுந்தால் என்ன செய்வது?

"அண்ணன உட்டா ஆத்துத் தண்ணியையும் அளந்து எழுதிப்போடுவாரு" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவி உட்பட.

காவிரி அங்கே ஏரி போல விரிந்து கிடக்கிறது. படகோட்டி நிதானமாகத்தான் ஓட்டினார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. முன்பக்கம் நின்றுகொண்டு எந்தக் கோபுரம், எந்தப் படித்துறை, எத்தனை மணிக்குக் கடந்தோம் என்று டைரியில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒன்றை எழுதி நிமிர்வதற்குள் அடுத்தது பாதி கடந்துபோயிருக்கும். "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று படகோட்டியை நச்சரித்தேன்.

ஆற்று நடுவில் ஒரு திட்டு. அதில் பழைய கல்மண்டபம் ஒன்று இருந்தது. படகை ஒதுக்கினார். வெயில் தாங்காமல் லைஃப் ஜாக்கெட்டுகளைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கினோம்.

"மேட்டூர்ல தண்ணி கூட்டி உட்டிருக்கறாங்களாமுங்க. அரை மணி நேரந்தான். அதுக்கு மேல இங்க நிக்கப்படாது" என்றார் படகோட்டி.

மண்டபத்தின் நீள அகலத்தை அடியால் அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி வந்தாள். "ஏனுங்க, பின்னாடி தூண்ல ஒரு பொம்பள செல இருக்குது. மூக்கும் முழியும் அப்படியே நம்ம பெரியத்தையாட்ட. வந்து பாருங்களேன்."

"இரு, இத எழுதிட்டு வாரேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து நின்றாள். "வாரீங்களா, இல்லீங்களா?"

"நீ போய்ப் பாத்துட்டு வா. அஞ்சு நிமிசந்தான் இருக்குது."

அவள் போனாள். நான் எல்லோரையும் விரட்டிப் படகில் ஏற்றினேன். முழங்கால் வலிக்காரரான மாமாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, முன்பக்கம் நின்று, என்னுடையதையும் சேர்த்து ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகளை எண்ணினேன். இருபத்தொன்று.

"ஆளு சரியாங்க?" என்று கேட்டார் படகோட்டி.

"சரியா இருக்குது. எடுங்க."

திரும்பும் வழியில் விட்டுப்போன குறிப்புகளை எழுதி முடித்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். துறை தெரிந்ததும் பையைத் திறந்து செல்போன்களை நம்பர் வாரியாகக் கொடுத்தேன். இரண்டாம் நம்பரை யாரும் வாங்கவில்லை.

"ரெண்டாம் நம்பர் யாருது? சீக்கிரம் வாங்குங்க" என்று சிடுசிடுத்தேன்.

தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். "அக்காளோடதுங்க மாமா. அக்கா முன்னால உங்க கூடத்தான இருக்கறாங்க?"

என் மனைவி இவள் கூடத்தான் பின்பக்கம் இருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

கடைசி இருக்கையில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். காலடியில் புல்லுக்கட்டு. எங்கள் ஆள் இல்லை.

"ஆட்டுக்குப் புல்லறுக்க வந்தனுங்க சாமி. தண்ணி ஏறுதுன்னு இவருதான் ஏத்திக்கிட்டாரு" என்றாள் பயந்துபோய்.

"ஜாக்கெட்டு ஒண்ணு சும்மா கெடந்துச்சுங்க. போட்டுக்கச் சொன்னேன்" என்றார் படகோட்டி. அவர்மேல் என்ன தப்பு? ஆள் சரி என்று சொன்னவன் நான்.

மற்றவர்களைத் துறையில் இறக்கிவிட்டுத் தம்பியும் நானும் படகோட்டியோடு திரும்பினோம். தண்ணீர் எதிர்த்து வந்தது. என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. ஜாக்கெட் இல்லை. கூப்பிடலாம் என்றால் செல்போன் என் பையில்.

"இன்னும் வேகமா போகாதுங்களா?"

"மோட்டாரு இதுக்கு மேல ஓடாதுங்க. மண்டபம் முங்காது சாமி. ரெண்டு மூணு படி வேணா முங்கும். அவங்க எறங்காம இருந்தாச் சரி."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. படகு போகாத அந்தப் பக்கம், திட்டுக்கும் கரைக்கும் நடுவில் காலையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடியது. நடந்தே போய்விடலாம் என்று அவள் நினைத்துவிட்டால்? உட்கார்ந்தேன், எழுந்தேன். தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

மண்டபம் தெரிந்தது. கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் போயிருந்தன. மேல்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்துக் கையசைக்கவில்லை. தம்பி குதித்து அவளைக் கைபிடித்து ஏற்றினான்.

உட்கார்ந்ததும் அவளே சொன்னாள்: "கூப்புட்டனுங்க. ரெண்டு தடவ கூப்புட்டேன். நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தீங்க."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சேலை முழங்காலுக்கு மேல் வரை நனைந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். இறங்கிப் பார்த்துவிட்டு, இழுப்புக்குப் பயந்து ஏறியிருக்கிறாள். அதை அவள் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.

வேனில் எல்லோரும் பேசிச் சிரித்து அந்த நிகழ்ச்சியை லேசாக்கினார்கள். "அண்ணிய எண்ணிக்கையில சேக்கவே இல்லீங்களாண்ணா?" என்று தம்பி மறுபடியும் ஆரம்பித்தான். அவளும் சிரித்தாள்.

அதன்பிறகு இத்தனை மாதங்களில் அவள் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் இப்போதும் டைரி எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று பேனாவை மூடிவிட்டு, அவள் எங்கே என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். சமையலறையில்தான் நிற்கிறாள் என்று தெரிந்த பிறகும் உடனே திரும்பி வர எனக்கு மனம் வருவதில்லை.