அனந்தமதிக்கு வந்த புடவை

விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த நேமிசந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அனந்தமதி. பிறந்த வீடு திண்டிவனம். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஒரு டிரங்குப் பெட்டியோடு அவளைப் பகல் ரயிலில் ஏற்றித் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துணைக்கு வந்த மண்டி ஆள் திண்டிவனம் ஸ்டேஷனில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பிவிட்டான். வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொல்லி அவனுக்கு உத்தரவு இல்லை.

அவள் செய்த குற்றம் என்ன? பசித்தாள். அவ்வளவுதான்.

இரண்டு குடும்பமும் ஜைனர்கள், ஊரார் வாயில் நயினார்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்த வீடுகளில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அனந்தமதிக்கு அது ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை. பேச்சு வந்த காலத்திலிருந்தே பழகிய நோன்பு. ஆனால் அப்போது அவள் பிள்ளைத்தாச்சி. அன்று மண்டியில் மூட்டை ஏற்றும் நாள். மாமியார் தர்மதேவி வேலைக்கு மேல் வேலை சொல்லிக்கொண்டே இருந்தாள். மருமகள் கையைக் கழுவிக்கொண்டு இலைக்கு வந்தபோது சூரியன் போய்விட்டது. விளக்கு வைத்தாகிவிட்டது. அடிவயிற்றில் பசி முறுக்கியது. அனந்தமதி அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, ஒரு சொம்பு கேப்பைக் கூழைக் குடித்தாள். குடித்துவிட்டுத் திரும்பினால், பின்னால் தர்மதேவி நின்றுகொண்டிருந்தாள்.

அன்று அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அந்தப் பச்சை உடம்புக்காரியின் பாய் அருகே நின்றுகொண்டு அப்போது சொன்னாள்.

"வெளக்கு வெச்ச பொறவு நீ துண்ண கூழு, எம் பேரப் புள்ளைய துண்ணுடுச்சி."

பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் ஒரு குற்றமா என்று பக்கத்து நயினார் வீட்டுப் பெண்களே கேட்டார்கள். தர்மதேவி காதில் அது ஏறவில்லை. நேமிசந்திரன் தாய் பேசி முடிக்கும் வரை தோள் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தான். மடித்து முடித்ததும் மண்டிக்குப் போய்விட்டான்.

திண்டிவனத்தில் அனந்தமதிக்கு இருந்தவர்கள் விதவைத் தாயும் தம்பி ஸ்ரீசந்திரனும். அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டு அவள் காலம் தள்ளினாள். தம்பி பி.ஏ. முடித்தான். சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போடுவான் என்று தாய் காத்திருக்க, டெல்லியில் நாடகம் பண்ணுவதையே மேற்படிப்பாகச் சொல்லித் தருகிற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, அங்கே இடம் கிடைத்துவிட்டது என்று வந்து நின்றான். தாய் தலையில் அடித்துக்கொண்டாள். கூத்தாடுவதற்கு எதற்கடா பி.ஏ. என்று கேட்டாள். அவனுக்காகப் பேசியவள் அனந்தமதி. இந்த வீட்டில் ஒருத்தராவது நினைத்ததைப் படிக்கட்டும் என்று தாயோடு மல்லுக்கு நின்று அனுப்பிவைத்தாள். ஐயோ, அந்தப் பேதைக்கு அப்போது என்ன தெரியும்?

அவன் டெல்லிக்குப் போய் மூன்றாம் வருஷம், விழுப்புரத்திலிருந்து ஆள் வந்தது. முன்காலமாக இருந்தால் தர்மதேவி தன் மகனுக்கு இரண்டாவது பெண் பார்த்திருப்பாள். இப்போது சட்டம் வந்துவிட்டது. ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்ட முடியாது. மண்டிக்கு வாரிசு வேண்டும். அதனால் மருமகளைத் திருப்பி அழைத்துக்கொள்ள இசைந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். அனந்தமதி உடம்பு தேறத் தாய் வீட்டில் இருந்தாள் என்றுதான் உலகத்துக்குப் பேச்சு. கூழையும் குழந்தையையும் பற்றி ஒரு வார்த்தை வெளியே வந்தால் வாசற்படி ஏற முடியாது. தை மாதம் ஒரு திங்கட்கிழமை நாள் குறித்தார்கள்.

அனந்தமதி அந்தத் திங்கட்கிழமைக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள் என்றே சொல்லலாம். தைக்க வந்த துணிகளையெல்லாம் முடித்துக் கொடுத்தாள். புதுத் துணி வாங்க மறுத்தாள். புருஷன் துண்டை மடித்துக்கொண்டு நின்றதைக்கூட, பாவம், அவர் என்ன செய்வார் என்று மன்னித்துவிட்டாள்.

மார்கழியில் ஸ்ரீசந்திரன் ஊருக்கு வந்தான். அது அவனுக்குக் கடைசி வருஷம். ஒவ்வொரு மாணவனும் சொந்தமாக ஒரு நாடகத்தை உண்டாக்கி, தன் ஊர் ஜனங்களுக்கு முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். டெல்லியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். கதை புத்தகத்திலிருந்து வரக் கூடாது, வாழ்க்கையிலிருந்து வர வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். வாழ்க்கையைத் தேடி அவன் ரொம்ப தூரம் போகவில்லை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான்.

முதலில் சும்மா பேச்சுக் கொடுப்பது போலக் கேட்டான். அவள் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. அணை உடைந்தது போல எல்லாவற்றையும் சொன்னாள். அதோடு விட்டானா? நடித்துக் காட்டச் சொன்னான். அடுப்பங்கரையில் ஒரு சொம்பைக் கையில் கொடுத்து, அன்றைக்கு உட்கார்ந்தது போலவே உட்காரச் சொன்னான். அவள் உட்கார்ந்தாள். அவள் பாதியில் நிறுத்தியபோது, கூழைக் குடித்துவிட்டு அன்று அழுத அழுகையை மட்டும் தனியாகக் கேட்டான்.

"இன்னொரு வாட்டி, அக்கா. அன்னிக்கு மொதல்ல வயித்த புடிச்சியா, வாய மூடினியா?"

"வாயத்தான்டா. அவங்க காதுல உழக்கூடாதுன்னு."

"அப்ப அத பண்ணு."

பண்ணினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது விழுப்புரத்துக்குத் தெரிந்துவிடாதே என்று கேட்டாள். பேரை மாற்றிவிட்டேன், ஊரை மாற்றிவிட்டேன், ராஜா வீட்டுக் கதையாகவே பண்ணிவிட்டேன் என்று தம்பி சொன்னான். அது பொய் இல்லை. அத்தனையும் மாற்றியிருந்தான். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட்டதுதான் ராணியின் குற்றம் என்பதை அவனால் மாற்ற முடியவில்லை. அதை எடுத்தால் நாடகமே இல்லை.

ராணி வேஷத்துக்கு விழுப்புரத்திலிருந்து ராஜாமணி என்ற நாடகக்காரியைப் பேசினான். பபூனாகவும் நடுவில் நின்று அறிவிப்பவராகவும் பெரியதம்பி வந்தார். அந்த ஊர்ப் பக்கத்து நாடகக்காரர்கள் ஆளுக்கு ஒரு ஊரிலிருந்து வந்து நேரே மேடையில் சந்திக்கிறவர்கள். ஒத்திகை என்றால் சிரிப்பார்கள். "எம் பொண்டாட்டியோட குடித்தனம் பண்றதுக்கே நான் ரிகர்சல் பாக்கல சார்" என்றார் பெரியதம்பி. ஆனால் ஒன்றை மட்டும் கருத்தாகக் கேட்டார். ஆட்டத்துக்கு நடுவே ஜனங்கள் அன்பளிப்பு கொண்டுவந்தால் வாங்கலாமா, கூடாதா? வேஷம் பிடித்துப்போனால் துண்டோ, மாலையோ, புடவையோ கொடுப்பார்கள். கொடுத்தவர் பேரையும் அவர் சொல்லச் சொன்னதையும் ஒரு எழுத்து மாறாமல் மேடையில் சொல்லி, பிரித்துக் காட்டி, வேஷக்காரரிடம் கொடுக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் கொடுத்தவருக்கு அவமானம். அங்கே டெல்லியில் நாடகம் என்றால் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். ஆனால் ஊர் வழக்கத்தைக் கண்டால் தேர்வாளருக்குப் பிடிக்குமே என்று ஸ்ரீசந்திரன் கணக்குப் போட்டான். எல்லாம் வழக்கப்படியே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டான்.

டெண்டு சினிமாக் கொட்டகையில் பகல் வெளிச்சத்தில் படம் ஓட்ட முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பகலுக்குக் கொட்டகை கிடைத்தது. குறித்த திங்கட்கிழமைக்கு முந்தின நாள் அது. மருமகளைக் கூட்டிப் போக தர்மதேவியும் நேமிசந்திரனும் அன்று காலை வண்டியிலேயே வந்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் எதிரே மகனின் பெருமையைக் காட்டாமல் இருக்க முடியுமா? தாய் எல்லோரையும் நாடகத்துக்குக் கிளப்பினாள். பெயரும் ஊரும் மாறியிருக்கிறது என்ற தைரியத்தில் அனந்தமதியும் தடுக்கவில்லை. தலையில் பூ வைத்து, மாமியாருக்குப் பக்கத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். புருஷன் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தான். கொட்டகைக்கு வருகிற வழியில் அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததை நினைத்து அவள் முகம் சிவந்திருந்தது.

ராஜாமணி கெட்டிக்காரி. ராணியாக வந்து சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, திருட்டுத்தனமாகச் சாப்பிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோது கொட்டகையே அசையவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏம்பா, ராத்திரி சோறு துண்ணா எந்த ராஜா வூட்ல தப்பு? இது நயினார் வூட்டு சங்கதிடோய்."

கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மேடையில் கிழ ராணி வந்து நின்றாள். பேரப் பிள்ளையைக் கூழ் தின்றுவிட்டது என்ற அந்த வார்த்தையை, விழுப்புரத்து வீட்டில் சொன்னபடியே சொன்னாள். முன் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, பூ வைத்த அனந்தமதியைப் பார்த்தார்கள். அவள் கை தானாக மாமியாரின் கையைப் பிடித்தது. தர்மதேவி அந்தக் கையை எடுத்து, ஏதோ தூசியை எடுத்து வைப்பது போல, மருமகளின் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

கோபித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள் என்றுதான் தாய் நினைத்தாள். இல்லை. எதிரே இருந்த ஜவுளிக்கடைக்குப் போயிருந்தாள். கடைசிக் காட்சி தொடங்கும்போது ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்து, மேடை ஓரத்தில் நின்ற பெரியதம்பியிடம் கொடுத்து, என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிய சீட்டையும் நீட்டினாள். அனந்தமதி யாரென்று பெரியதம்பிக்குத் தெரியாது. மகிழ்ந்துபோய்க் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மேடை நடுவில் வந்து சீட்டைப் பிரித்துக் கணீரென்று வாசித்தார்.

"விழுப்புரம் மல்லாட்டை மண்டி, ஸ்ரீமதி தர்மதேவி அம்மாள் அவர்கள், இந்தக் கதைக்குச் சொந்தக்காரியான தன் மருமகள் அனந்தமதிக்கு, இன்றோடு உறவு தீர்ந்ததற்கு அடையாளமாக அன்பளிப்பாகத் தருவது ஒரு புடவை."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனால் கை பழகிய கை. பொட்டலத்தைப் பிரித்து, உதறி உயர்த்திவிட்டது. கரை இல்லாத வெள்ளைப் புடவை. புருஷன் செத்தவள் கட்டுகிற புடவை.

யாரோ ஒருவன் சீட்டி அடித்தான். ராஜாமணி புடவையை வாங்காமல், பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற ஸ்ரீசந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நொடி அவன் கையில் இருந்தது. திரையை இறக்கியிருக்கலாம். ஓடிவந்து அந்தத் துணியைப் பிடுங்கியிருக்கலாம். அவன் தேர்வாளரைப் பார்த்தான். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்து, கண் விரிய மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கோ, ஆட்டத்தை நடத்து என்று ஸ்ரீசந்திரன் கையால் ஜாடை காட்டினான். ராஜாமணி வெள்ளைப் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கடைசிக் காட்சியை ஆடி முடித்தாள். அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கொட்டகை கேட்டதில்லை.

அனந்தமதி ஆண்கள் பக்கம் பார்த்தாள். நேமிசந்திரன் எழுந்து வேட்டியின் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, தாயின் பின்னால் வெளியே போய்க்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

தமிழ் தெரியாத அந்தத் தேர்வாளர் ஸ்ரீசந்திரனைத் தழுவிக்கொண்டார். பார்க்கிற ஜனங்களுக்கு நடுவிலிருந்து ஒரு வயதான அம்மாளை எழுந்து போகவைத்து, வெள்ளைப் புடவையோடு திரும்ப வரவைத்த யோசனை, தான் பார்த்த மாணவர் நாடகங்களிலேயே கிடையாது என்றார். அது என் யோசனை இல்லை என்று ஸ்ரீசந்திரன் சொல்லவில்லை. அவனுக்கு முதல் இடம் கிடைத்தது. டெல்லியில் பெரிய மனிதர்கள் எதிரே அதே நாடகத்தைப் போட அழைப்பும் வந்தது.

மறுநாள் காலை பெரியதம்பி வீடு தேடி வந்தார். பேர் சொல்லிக் கொடுத்த அன்பளிப்பு அந்தப் பேருக்குரியவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தெரியாமல் சொல்லிவிட்டேன் தாயி என்று கும்பிட்டுவிட்டு, புடவையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அனந்தமதி அதை எடுத்துப் பெட்டியில் போட்டாள். தாய் விழுப்புரத்துக்கு ஓடினாள். மண்டி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசப் போனார்கள். சபையில் கொடுத்ததைத் திருப்பி வாங்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று தர்மதேவி சொல்லியனுப்பினாள்.

டெல்லிக்குக் கிளம்புகிற அன்று ஸ்ரீசந்திரன் அக்காவிடம் வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று தாய் விலகி நின்றாள்.

"அக்கா, அந்தப் பொடவைய குடு. டெல்லியில அந்த சீனுக்கு வேணும்."

"கடையில வேற வாங்கிக்கயேன்டா."

"வாங்கலாம். ஆனா இதுதான் நெஜம். கையில புடிச்சா ஆக்ட் பண்றவளுக்கே தெரியும் அக்கா."

அனந்தமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கொண்டுவந்து கொடுத்துவிடுவாள் என்று அவன் காத்திருந்தான். கதவு திறந்தபோது அவள் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை. அங்கே விழுப்புரத்தில் புருஷன் குத்துக்கல்லாக உட்கார்ந்து மல்லாட்டை எடை போட்டுக்கொண்டிருக்க, இங்கே அவனுக்குத் துக்கம் காத்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண்.

"எம் பேரு சொல்லிக் குடுத்தாங்க. எனக்குத்தான் சொந்தம்" என்றாள்.

தாய் சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீசந்திரன் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான். முந்தானை எந்தத் தோளைச் சுற்றி வந்திருக்கிறது, பூ எடுத்த தலைமுடி எப்படிக் கலைந்திருக்கிறது, கை எங்கே தொங்குகிறது என்று அவள் உச்சியிலிருந்து பாதம் வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டான். பார்த்து முடித்ததும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். டெல்லியில் ராணியாக நடித்தவள் கடைசிக் காட்சியில் அப்படியே வந்து நின்றாளாம், பத்திரிகைகளில் போட்டிருந்தார்கள்.

திண்டிவனத்தில் அனந்தமதியை அதற்குப் பிறகு யாரும் கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ அழைக்கவில்லை. அவள் புருஷன் உயிரோடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள், துணியை அவள் கையில் தராமல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.