இலையில் வந்த மஞ்சள் கரு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதைச் சபையில் நின்று சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், பாதியிலேயே அழுகை வந்து உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். என் பெயர் எஸ்தர். பள்ளிபாளையத்தில் இருக்கிறோம். என் கணவர் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று அவர் சொல்வார். எழுத்திலும் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி சாமுவேல் ரிக் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில், வேலை செய்தவன். எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப்பேர் அந்த வேலைக்காகத்தான் வடக்கே போவார்கள். கொரோனா முடிந்த மறு வருஷம், அங்கே ஓர் இடத்தில், கூட வேலை செய்தவர்மேல் இரும்புக் குழாய் விழுந்தது. சாமுவேலின் கண் முன்னாலேயே அவர் உயிர் போய்விட்டது. ஊருக்குத் திரும்பி வந்தவன் பழைய சாமுவேல் இல்லை. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வான். என் வீட்டுக்கு வந்தால் தறிச் சத்தம் கேட்டு வாசலோடு திரும்பிவிடுவான். வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு நாள் சேந்தமங்கலத்தில் அம்மா வீட்டிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் கிளம்பிப் போனான். திரும்பி வரவில்லை.

தேடாத இடம் இல்லை. சேலம், ஓமலூர், ஈரோடு என்று எல்லா பஸ் ஸ்டாண்டிலும் படுத்திருப்பவர்களின் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்தோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். அடையாளம் தெரியாத உடல் ஒன்று இருக்கிறது என்று எங்கிருந்தாவது கூப்பிட்டால் என் கணவர்தான் போவார். அவர் திரும்பி வந்து வீட்டுக்குள் நுழையும்போது நான் முகத்தைத்தான் பார்ப்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவார். அதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியாது. அப்படியே வருஷங்கள் ஓடின.

கடைசியில் என் ஜெபம் சின்னதாகிப் போனது. "ஆண்டவரே, அவனை என் கண்ணில் காட்டாவிட்டாலும் பரவாயில்லை. அவன் எங்கே இருந்தாலும் யாராவது ஒருவர் அவனுக்குச் சோறு போட வேண்டும்." இதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்படி ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ போட வேண்டும் என்று கேட்கிறாயே, நீ யாருக்குப் போட்டாய் என்று மனதில் சுருக்கென்று தைத்தது. எங்கள் சபை தெருவோரத்து மக்களுக்குச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமைதோறும் காலையில் சபைப் பெண்கள் கூடிச் சமைப்போம். சாம்பார் சாதம், ஒரு வேகவைத்த முட்டை. கோழிப்பண்ணை வைத்திருக்கும் விசுவாசி ஒருவர் முட்டைகளைக் கொடுத்துவிடுவார். மதியம் வேனில் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, பாலத்தடி, ஆற்றங்கரை என்று போவோம். ஆளைக் கண்ணால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், ஒருவருக்கு ஒன்றுதான் என்று என் கணவர் சட்டம் போட்டிருந்தார்.

ஆற்றங்கரையில் மூடிக் கிடக்கிற ஒரு பழைய சாயப்பட்டறை உண்டு. கூரை பாதி விழுந்துவிட்டது. உள்ளே பெரிய பெரிய சாயத்தொட்டிகள். சுவரெல்லாம் இடுப்பளவுக்கு இன்னும் சிவப்பும் நீலமுமாக இருக்கும். உச்சி வெயிலில்கூட அதன் உள்ளே இருட்டுத்தான். தெரு நாய்கள் அந்தப் பக்கம் போகாது. வேன் அங்கே நின்றால் வளவளவென்று பேசிக்கொண்டு வருகிற நாங்களும் ஏனோ வாயை மூடிக்கொள்வோம்.

அதன் வாசலில் பாவாயி என்று ஒரு அம்மா இருந்தார். தலையில் சிக்கு, உடம்பில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேலைகள். புத்தி பேதலித்தவர் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் நாளே கையை நீட்டி, "ரெண்டு குடுங்க சாமி" என்றார்.

"இன்னொன்னு யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கறவருக்கு."

என் கணவர் வாசல்வரை போய்க் குரல் கொடுத்தார். பதில் இல்லை. எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. நான்தான் பரிதாபப்பட்டு, சட்டத்தை மீறி இரண்டு கொடுத்தேன்.

அடுத்த வாரம் பொட்டலம் கொடுப்பதற்கு முன் வேன் பக்கத்தில் நின்று வழக்கம்போல ஒரு பாட்டுப் பாடினோம். முதல் சரணத்தோடு நிறுத்தினோம். எங்கள் எல்லோருடைய வாயும் மூடியிருந்தது. உள்ளேயிருந்து அந்தப் பாட்டின் அடுத்த அடி கேட்டது. வார்த்தை இல்லை, ராகம் மட்டும். மூக்கால் பாடுவதுபோல. எதிரொலி என்றார் என் கணவர். பாடாத அடி எப்படி எதிரொலிக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அன்றைக்குத்தான், பொட்டலங்களைக் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில், பாவாயி உள்ளே போய் வந்து என் கையில் எதையோ வைத்தார். தேக்கு இலையில் மடித்திருந்தது. பிரித்தால், முட்டையின் மஞ்சள் கரு. வெள்ளைக் கரு துளியும் ஒட்டாமல் உருண்டையாக இருந்தது.

"உங்களுக்குத்தானுங்க. குடுக்கச் சொன்னாரு."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முச்சந்தியில் முட்டை கிடந்தால் சுற்றிப் போகிறவர்கள் நாம். முட்டையும் மஞ்சளும் செய்வினைக்காரன் கையில் இருக்கிற பொருள். கூட வந்த சகோதரிகள் "தொடாதீங்க, தூக்கிப் போடுங்க" என்று சத்தம் போட்டார்கள். நான் அதை ஆற்றில் எறிந்துவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அன்று சாயங்காலமே எனக்குக் காய்ச்சல் கண்டது. விடுவார்களா? பாவாயிக்குள் ஏதோ ஆவி இருக்கிறது, அது எஸ்தரைக் குறி வைத்துவிட்டது என்று சபை முழுக்கப் பேச்சாகிவிட்டது. நானும் நம்பினேன். காய்ச்சல் இறங்கியும் நம்பினேன்.

அதற்குப் பிறகு போன வாரங்களிலும் இலை வந்தது. எங்கள் பெண்கள் பத்துப் பேர் நின்றாலும் பாவாயி யாரையும் பார்க்க மாட்டார். நேராக என்னிடம் வருவார். நான் ஒவ்வொரு முறையும் ஆற்றில் எறிந்தேன். ஒரு தடவை, நான் வாங்காமலே வேனில் ஏறிக்கொண்டதும், பின்னாலேயே ஓடி வந்தார். "வாங்கிக்கோங்க சாமி, அவரு மனசு சங்கடப்படுவாரு" என்று கத்திக்கொண்டே வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு சாயப்பட்டறைப் பக்கமே போகாமல், பாலத்து முனையில் இரண்டு பொட்டலங்களை வைத்துவிட்டுத் திரும்பினோம். பாவாயி வந்து எடுத்துக்கொள்வார்.

போன ஆடி மாதம், மேட்டூரில் தண்ணீர் திறந்த சமயம். எனக்காகச் சபையில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தார்கள். வெளியே தூறல். கரையோரத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்படி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். உள்ளே போதகர் என் தலையில் கை வைத்து, அந்த மஞ்சள் கருவின் கட்டுகள் அறுந்துபோகட்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தார். ஜெபத்துக்கு நடுவில் பேசக் கூடாது. ஆனால் போதகரின் மனைவி, எங்கள் பாஸ்டரம்மா, பேசினார். சனிக்கிழமை முட்டை உரிப்பது அவர் வேலை.

"ஏனுங்க, எனக்கொரு சந்தேகம். செய்வினைக்கு வெக்கறது பச்சை முட்டைதானுங்களே? இது நாம வேக வெச்சுக் குடுத்தது. அப்ப அந்த வெள்ளைக் கருவ யாரு தின்னது?"

போதகர் கண்ணைத் திறந்தார்.

"ஆவி எங்கயாச்சும் வெள்ளைக் கரு திங்குமாங்க?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உட்கார்ந்திருந்த பாய் சுற்றுவதுபோல இருந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு முட்டை கிடைக்கிற நாள் அபூர்வம். அன்றைக்குக்கூட சாமுவேல் வெள்ளையை மட்டும் சுற்றிலும் கடித்துத் தின்றுவிட்டு, மஞ்சளை உடையாமல் என் தட்டில் வைத்துவிடுவான். அவனுக்கு அது தொண்டையில் இறங்காது, எனக்கோ அது உயிர். வளர்ந்த பிறகும் அப்படித்தான். பிரியாணி இலையில்கூட மஞ்சள் என் பக்கம் வந்துவிடும். அவன் வடக்கே எங்கோ இருக்கிறான், அல்லது உயிரோடு இல்லை என்று நினைத்து நினைத்து, பக்கத்தில் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐயோ, அதை நான் ஆற்றில் எறிந்தேனே.

"தம்பிங்க" என்றேன். "உள்ள இருக்கறது என்ற தம்பிங்க."

என் கணவர் உடனே டிவிஎஸ் வண்டியை எடுத்தார். நாங்கள் போய்ச் சேரும்போது ஆறு படித்துறையை மூடி, சாயப்பட்டறை வாசலுக்குள் ஏறியிருந்தது. செந்தண்ணீர். கரையில் இருந்தவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பாவாயி மட்டும் போகாமல் சாலையில் உட்கார்ந்து, "உள்ள ஆளு இருக்குது, உள்ள ஆளு இருக்குது" என்று மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். தீயணைப்புக்காரர்கள் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, பதில் இல்லை, பைத்தியம் சொல்வதை நம்பி ஆளை எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் கத்தினேன். "சாமுவேலு, அக்கா வந்திருக்கறன் கண்ணு." தண்ணீர் சத்தம்தான் பதில். "ஆண்டவரே, அவனுக்குச் சத்தம் ஆகாதே, என் சத்தத்தை அவன் எப்படி எடுத்துக்கொள்வான்" என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே பாடினேன். அழுகை மிஞ்சி நடுவில் நிறுத்திவிட்டேன். அந்த இருட்டுக்குள்ளிருந்து, அடுத்த அடி வந்தது.

தீயணைப்புக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

உயரமான ஒரு சாயத்தொட்டியின் விளிம்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். கொண்டு வந்து போட்டார்கள். தாடியும் சடையுமாக, எலும்பும் தோலுமாக, கை காலெல்லாம் நீலம் ஏறி இருந்தான். என்னைப் பார்த்து, "சத்தம் நின்னுருச்சாக்கா?" என்று மட்டும் கேட்டான். நின்றுவிட்டது கண்ணு என்றேன்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பாவாயி அப்போதும் எழுந்திருக்கவில்லை. "இன்னொருத்தரு எங்கீங்க? உள்ள ரெண்டு பேருங்க" என்றார். தீயணைப்புக்காரர்களில் ஒருவர் பொறுமைசாலி. டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பவும் போய், ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் இல்லை. சாமுவேல் இருந்த தொட்டியின் விளிம்பில் ஒரு தேக்கு இலை மட்டும் இருந்தது என்றார். அவ்வளவு தூறலிலும் அது காய்ந்திருந்ததாம்.

மருந்து சாப்பிட்டுத் தம்பி கொஞ்சம் தெளிந்த பிறகு, பயந்து பயந்து கேட்டேன். நான் வருவது தெரிந்துதான் மஞ்சளைக் கொடுத்தனுப்பினாயா என்று. அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "நீ வர்றது எனக்கெப்புடிக்கா தெரியும்? நான் யாருகிட்டயும் ஒன்னுஞ் சொல்லல. எனக்கு ஆகாதுன்னு இலைல ஒதுக்கி வெப்பன். அப்பறம் பாத்தா இருக்காது."

பாவாயியிடம் கேட்டேன். அவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார். "தம்பி பேசவே மாட்டாருங்க. கூட இருந்தவருதான் உங்களக் காட்டி, அவங்களுக்குக் குடுன்னு சொன்னாரு. அவரு சோறு திங்க மாட்டாருங்க. பக்கத்துல உக்காந்திருப்பாரு, அவ்வளவுதான்."

அவர் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நான் யாரிடம் ஜெபித்தேனோ அவர்தான். இதை எழுதும்போதும் கை மயிர் நிற்கிறது. பயம்தான், ஆனால் முன்பு இருந்த பயம் இல்லை.

சாமுவேல் இப்போது சேந்தமங்கலத்தில் அம்மாவோடு இருக்கிறான். மாத்திரையும் சாப்பிடுகிறான், ஜெபமும் செய்கிறான். இரண்டையும் விடக் கூடாது என்று டாக்டரும் சொல்கிறார், போதகரும் சொல்கிறார். பாவாயி எங்கள் சபையின் பின்கட்டு அறையில் தங்கியிருக்கிறார். பாஸ்டரம்மாவோடு உட்கார்ந்து முட்டை உரிக்கிறார். ஆவி, செய்வினை என்று சபையில் யாராவது வாயைத் திறந்தால், இப்போது பாஸ்டரம்மா ஒரு பார்வை பார்ப்பார், போதும். ஒருவருக்கு ஒன்று என்ற சட்டத்தை என் கணவரே எடுத்துவிட்டார்.

அன்பானவர்களே, உங்கள் ஜெபத்துக்குப் பதில் வரவில்லையே என்று சோர்ந்துபோயிருந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் வாராவாரம் கையிலேயே வந்தது. பிடிக்காத கையிலிருந்து, அழுக்கு இலையில் வந்ததால் எறிந்துகொண்டிருந்தேன். உங்களிடம் யாராவது இரண்டு கேட்டால் யாருக்கென்று துருவாதீர்கள், கொடுத்துவிடுங்கள். ஆண்டவரை நம்பிக் கொடுங்கள்.

போன மாதம் அம்மா வீட்டில் முட்டைக் குழம்பு. சாமுவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெள்ளையைத் தின்றுவிட்டு, மஞ்சளை உடையாமல் எடுத்து என் தட்டில் வைத்தான். எங்கேயோ இருக்கிற என் தம்பிக்கு யாராவது ஒருவர் சோறு போட வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். அந்த யாரோ ஒருவர் நான்தான். அந்த மஞ்சளை நான் தின்றேன், என் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.