முப்பத்தாறாவது படம்

கோலாப்பூர் போகும் சின்ன விமானத்தின் இறக்கை விசிறி சுழலத் தொடங்கியதும் இருக்கை நடுங்கியது. ஜன்னலோரம் அப்பா. "அதை ஒரு போட்டோ எடும்மா" என்றார். கைபேசியை எடுத்தேன். அந்த இரைச்சல் என்னைப் பம்பாய் செம்பூர் வீட்டு மொட்டைமாடிக்கே கொண்டுபோய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அங்கே கேமராவோடு நிற்பார். பெரிய ஜெட்களை ஏறிட்டும் பார்க்கமாட்டார். விசிறி வைத்த குட்டி விமானங்கள்தான் வேண்டும். ஒரு ஃபிலிம் ரோலில் முப்பத்தாறு படம். கொடியில் துணி உலர்த்தியபடியே அம்மா கேட்பாள், "கடைசி ஒண்ணு என்னை எடுங்கோளேன்." முடியை ஒதுக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியருகே போய் நிற்பாள். அதற்குள் வானத்தில் அந்த உறுமல் கேட்கும். கேமரா மேலே திரும்பிவிடும்.

"அடுத்த ரோல்ல பார்த்துக்கலாம்."

அடுத்த ரோலிலும் விமானங்கள்தான்.

அம்மா போனபோது எனக்குப் பதினோரு வயது. மாலை போட வீட்டில் அவளைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அவளுடைய ரயில் பாஸ் அட்டையில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கினோம். ரயில்வே முத்திரையின் பாதி வளையம் இன்றும் அவள் கன்னத்தில் இருக்கிறது.

கைபேசியை விசிறியிலிருந்து அப்பாவின் முகத்துக்குத் திருப்பினேன்.

"என்னை எதுக்கு எடுக்கறே? ஃபிலிம் வீணாப் போறது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.